பாலனுக்கு நீலச் சட்டை

ஹெர்லிந்தாவுக்கு ஒரு காலத்தில் நல்ல வரன் வந்தது. பழ வியாபாரி, சொந்த லாரி, குடிப்பழக்கம் கிடையாது. பழகிப் பார்க்கிற சாக்கில் அவளைக் கால்பந்து ஆட்டத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார். எங்கள் பச்சை அணி தோற்றுக்கொண்டிருந்தது. ஆட்டம் முடிய இன்னும் நேரம் இருக்கும்போதே, "வாங்க, கூட்டம் கிளம்புறதுக்கு முன்னாடி வெளிய போயிடலாம்" என்று எழுந்தார் மனுஷன். ஹெர்லிந்தா எழவில்லை. அவர் போனார். அப்படியே போகட்டும் என்று விட்டுவிட்டாள். ஏன் என்று கேட்டவர்களிடம், "விசில் ஊதுற வரைக்கும் உக்கார முடியாத ஆளு, கல்யாணம் கட்டி மட்டும் உக்காருவாரா?" என்றாள். அதற்கப்புறம் அவளுக்கு வரன் பேசுகிற தைரியம் எங்கள் ஊர் சான் ஹசிந்தோவில் யாருக்கும் வரவில்லை.

சந்தைக்குள்ளே, செருப்புக் கடைகளுக்குப் பின்வரிசையில் அவள் கடை. "பாலன் இயேசு ஆஸ்பத்திரி" என்று பலகை மாட்டியிருக்கும். எங்கள் ஊரில் பாலன் சொரூபம் இல்லாத வீடு இல்லை. கிறிஸ்துமஸுக்குக் குடிலில் படுக்க வைத்த பாலனைப் பிப்ரவரியில் மெழுகுதிரித் திருநாளன்று எடுத்து, புதுத்துணி போட்டு, கோயிலுக்குத் தூக்கிப் போய் மந்திரிக்க வேண்டும். நடுவில் பூனை தட்டிவிடும், பிள்ளைகள் தூக்கி விளையாடும், விரல் உடையும், மூக்கு போகும். உடைந்ததை ஒட்டிக் கொடுப்பதும் துணி தைத்துக் கொடுப்பதும் ஹெர்லிந்தா. பாலனின் கை விறைப்பாக நீட்டிக்கொண்டிருக்கும், மடங்காது. அதனால் துணியை மேலே வைத்து அப்படியே உடம்போடு சேர்த்துத் தைத்துவிடுவாள். கத்தரிக்கோல் போடாமல் அவள் போட்ட துணியைக் கழற்ற முடியாது.

பச்சை அணிக்கும் ஒரு பாலன் உண்டு. வருஷமெல்லாம் ஆட்டக்காரர்கள் உடை மாற்றும் அறையில் மாடத்தில் இருப்பார், கிறிஸ்துமஸுக்கு மட்டும் மைதான வாசலில் குடில் கட்டி அங்கே கொண்டுவந்து கிடத்துவார்கள். அந்தப் பாலனுக்கு ஹெர்லிந்தாதான் ஞானத்தாய். மூன்று வருஷம் துணி எடுத்துக் கொடுத்துவிட்டு அடுத்தவருக்கு விட்டுக்கொடுப்பதுதான் வழக்கம். அவள் பச்சைச் சட்டை, வெள்ளைக் கால்சட்டை, கையுறைத் தோலில் குட்டி பூட்ஸ் என்று தைத்துப் போட்ட மூன்றாம் வருஷம் அணி கோப்பை வாங்கிவிட்டது. இனி ஆளை மாற்ற யாருக்குத் துணிச்சல் வரும்? அன்றிலிருந்து அவளே நிரந்தரம்.

இன்னொரு வழக்கமும் சொல்லிவிட வேண்டும், மொத்தக் கதையும் அதில்தான் நிற்கிறது. எங்கள் பக்கம் அடுத்த வீட்டுப் பாலனைத் திருடலாம். கிறிஸ்துமஸுக்கும் மெழுகுதிரித் திருநாளுக்கும் நடுவில், குடிலிலிருந்து யாருக்கும் தெரியாமல் தூக்கிவிட வேண்டும். பறிகொடுத்த வீட்டார் கோபிக்கக் கூடாது, தேடக் கூடாது, போலீசுக்குப் போவது மகா கேவலம். திருநாளன்று கதவைத் திறந்து வைத்துக் காத்திருக்க வேண்டும். திருடியவர் புதுத்துணி போட்ட பாலனோடு, பேண்டு வாத்தியத்தோடு, அண்டா நிறையத் தமாலே என்கிற சோளக் கொழுக்கட்டையும் கஞ்சியுமாக வந்து நிற்பார். அன்றிலிருந்து இரண்டு வீடும் ஞான உறவு. திருடியவன் திரும்பி வந்தே ஆக வேண்டும். அதற்குத்தான் அந்தத் திருட்டு.

கிறிஸ்துமஸ் முடிந்த வாரம் அந்தச் செய்தி வந்தது. அணியை விற்றாயிற்று. வாங்கியவர்கள் அதை மேற்குக் கடற்கரையில் புவெர்த்தோ க்லாரோவுக்குக் கொண்டு போகிறார்கள். புது மைதானம், புதுப் பெயர், சுறாக்களாம். நீலச் சட்டையாம். லிசெத் என்று ஒரு பெண், கம்பெனியின் விளம்பரத் தலைவி, பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டு எல்லோர் போனிலும் வீடியோவில் வந்து சொன்னாள். "சான் ஹசிந்தோ ரசிகர்களுக்கு நன்றி. எங்க இதயத்துல உங்களுக்கு எப்பவும் இடம் உண்டு." எங்கள் அப்பன் பாட்டன் கல் சுமந்து கட்டிய மைதானம். மழையில் நனைந்து, சம்பளத்தில் பாதியை டிக்கெட்டுக்குக் கொடுத்து, இரண்டாம் பிரிவுக்கு விழுந்தபோதும் கூடவே விழுந்து எழுந்த ஜனம். ஒரு வார்த்தை கேட்டார்களா? வாடகை வீட்டைக் காலி செய்கிறவன்கூடப் பக்கத்து வீட்டில் சொல்லிக்கொண்டு போவான்.

சாமான் ஏற்ற லாரி வந்த அன்று மைதான வாசலில் ஊரே கூடிவிட்டது. ஹெர்லிந்தாவின் தம்பி நாபோர் முன்னால் நின்றான். வெளியூர் பஸ் ஓட்டுகிறவன், ஆட்டத்தன்று ரசிகர் கூட்டத்தில் பெரிய மேளம் அடிக்கிறவன். அன்று மேளக்குச்சி பிடிக்கிற கையில் கல் இருந்தது. கோல் வலை போயிற்று. துணி துவைக்கிற மெஷின் போயிற்று. கோப்பைகளைப் போர்வையில் சுற்றிப் பிணத்தைத் தூக்குவது போலத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். அப்போதுதான் குடிலுக்குப் பக்கத்தில் நின்ற ஒரு பெண், "பாலனைக் காணோம்" என்றாள்.

நாபோர் கல்லோடு கையை ஓங்கினான்.

ஹெர்லிந்தா போய் அவன் மணிக்கட்டைப் பிடித்தாள். அவள் முகத்தைப் பார்த்தவர்கள் ஆச்சரியப்பட்டார்கள். சிரித்துக்கொண்டிருந்தாள்.

"விடுக்கா. பாலனைக்கூட விட்டு வைக்கலை இவனுங்க."

"கல்லைக் கீழ போடு. பாலனை எடுத்துட்டாங்கல்ல, இனி என்ன? திருப்பிக் கொண்டாந்துதான ஆகணும்?"

"யாரு, இந்தக் கோட்டு சூட்டுக்காரனுங்களா?"

"எடுத்தது யாரோ நம்ம பயதான். வெளியூர்க்காரனுக்குக் குடில்ல கைவைக்கத் தோணுமா? முறை தெரிஞ்சவன்தான் எடுத்திருக்கான். திருநாளுக்கு டீமே இங்க வந்து நிக்கும் பாரு. வாசல்ல வந்தவங்கள உக்கார வச்சு, சோறு போட்டு, மூஞ்சிக்கு நேரா நாலு கேள்வி கேப்போம். இப்போ கல்லெறிஞ்சா நம்ம பேருதான் கெடும்."

"வரலேன்னா?"

"வரலேன்னா என் மூஞ்சில காறித் துப்புங்க, எல்லாரும்."

ஊர் அவள் வார்த்தையை நம்பியது. ஒவ்வொருவராகக் கல்லைக் கீழே போட்டார்கள். லாரி கோப்பைகளோடு ஒரு கீறல் இல்லாமல் போயிற்று. சிலர் வழிகூட விட்டார்கள். அதை நினைத்தால் இன்றைக்கும் வயிறு எரிகிறது.

திருநாளன்று மைதான வாசலை ஹெர்லிந்தா கழுவி விட்டாள். காவல்காரரிடம் கெஞ்சிச் சாவி வாங்கி, இரண்டு கதவையும் விரியத் திறந்தாள். உணவு கொண்டுவர வேண்டியது திருடியவர்கள்தான். ஆனாலும் அத்தனை தூரம் வருகிறவர்கள் களைத்துப் போயிருப்பார்களே என்று இவளும் சோள மடலில் மாவைத் தடவித் தமாலே அவித்து வைத்திருந்தாள். வெள்ளைத் துணி விரித்த மேசை, மெழுகுதிரி, பூ. வெயில் ஏறியது. சாலையில் தூசி கிளம்பும்போதெல்லாம் எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். ஒரு தடவை பால் வண்டி. ஒரு தடவை சவ ஊர்வலம். சாயங்காலம் தமாலே ஆறிப்போய்க் கல்லாகிவிட்டது. ஒருவரும் அவள் முகத்தில் துப்பவில்லை. துப்பியிருந்தாலாவது தேவலை. தலையைக் குனிந்துகொண்டு, "வரோம், ஹெர்லிந்தா" என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

கடைசியாக நாபோர் வந்தான். போனை நீட்டினான்.

வீடியோவில் கடற்கரை மைதானம், பெரிய கண்ணாடிப் பெட்டி. அதற்குள் பாலன். நீலச் சட்டை, நெஞ்சில் சுறா. பக்கத்தில் லிசெத் நின்று, "எங்க பாரம்பரியம் எங்களோடவே பயணம் செய்யுது" என்று பேசிக்கொண்டிருந்தாள்.

ஹெர்லிந்தா அதைத் திரும்பத் திரும்பப் பார்த்தாள். வலது கைச் சுண்டுவிரல் உடைந்திருந்தது. "ஏன் இப்படி ஊதிப் போயிருக்காரு?" என்று மட்டும் முணுமுணுத்தாள். அப்புறம் தம்பியை நிமிர்ந்து பார்த்தாள். "இது உனக்கு எப்படிக் கிடைச்சது?"

"ஆட்டத்துக்கு முன்னாடி காட்டினாங்க."

"யாரு ஆட்டத்துக்கு?"

நாபோர் தலையைச் சொறிந்தான். "அவனுங்க ஆட்டம்தான். கண்ணு போகுதுக்கா, என்ன பண்ணச் சொல்ற? அதே காலு, அதே பசங்க. ரொசென்தோ பந்தப் பிடிச்சா என் கை தானா மேளம் அடிக்குது."

"உனக்கு வெட்கமா இல்ல?"

"இருக்கு. வால்யூமைக் குறைச்சு வச்சுத்தான் பாக்கறேன்."

ரொசென்தோ கோல்கீப்பர். எங்கள் தெருப் பையன், ஹெர்லிந்தா கையில் ஏந்த ஞானஸ்நானம் வாங்கிய பிள்ளை. ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டிருந்ததால் அணியோடு போகத்தான் வேண்டியிருந்தது. அவன் அன்றைக்கே போன் செய்தான். ஹலோ சொல்வதற்குள் அழுதுவிட்டான்.

"ஞானத்தாயி, பாலனை நான்தான் எடுத்தேன்."

"நீயா?"

"கையுறைப் பையில போட்டு எடுத்துட்டு வந்தேன். திருடினா திருநாளுக்குத் திரும்ப வந்துதான் ஆகணும்னு நெனச்சேன். முதலாளிகிட்டயும் போய்ச் சொன்னேன், ஐயா, நம்மகிட்ட சான் ஹசிந்தோ பாலன் இருக்காரு, டீமோட போய்க் குடுத்துட்டு வரணும், அதான் முறைன்னு. அவரு அந்தப் பொம்பளையக் கூப்பிட்டாரு. ரெண்டு பேரும் அப்படிச் சிரிச்சாங்க. நல்ல கதை, ஜனங்களுக்குப் பிடிக்கும்னு சொல்லி என் கையிலேருந்து வாங்கிட்டாங்க. இப்ப என்னைத் தொட விடமாட்டேங்கறாங்க."

ஹெர்லிந்தாவுக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. "முறை தெரியாதவன் கையில ஏண்டா குடுத்த? திருட்டுக்கும் ஒரு மரியாதை இருக்கு, அதைக்கூட வித்துட்டாங்களே பாவிங்க." எதிர்முனையில் அவன் விசும்புவது கேட்டது. கொஞ்சம் தணிந்தாள். "சரி, அழாத. நீ செஞ்சதுல தப்பு இல்ல. சாப்பிட்டியா?"

மறு வாரம் புவெர்த்தோ க்லாரோவில் ஆட்டம். ரொசென்தோ வாசலில் டிக்கெட் சொல்லி வைத்தான். நாபோர் அந்த வழித்தடத்துக்கு டூட்டி மாற்றிக்கொண்டு, அக்காவை முதல் சீட்டில் உட்கார வைத்தான். பஸ் மலை இறங்கியது. கடல் தெரிந்ததும், "அன்னைக்கு நான் உன் கையைப் பிடிச்சிருக்கக் கூடாது" என்றாள்.

"ரெண்டு கல்லு போட்டிருந்தா மட்டும் என்னக்கா ஆகியிருக்கும்? லாரிக்குக் கண்ணாடி மாத்தியிருப்பான்."

"நமக்காவது கொஞ்சம் ஆறியிருக்கும்ல."

மைதானம் கல்யாண மண்டபம் மாதிரி ஜொலித்தது. ஹெர்லிந்தா கடையில் போடுகிற வெள்ளைக் கோட்டை மாட்டிக்கொண்டு, சுண்ணமும் பசையும் தூரிகையும் வைத்த பையோடு உள்ளே போனாள். நுழைவுக் கூடத்தின் நடுவில் கண்ணாடிப் பெட்டி. பக்கத்தில் காவலுக்கு ஒரு பெண், சட்டையில் நெரெய்தா என்று பெயர் குத்தியிருந்தது. ஆட்டம் தொடங்கி எல்லோரும் உள்ளே போயிருந்தார்கள்.

"பாலனுக்கு விரல் ஒட்ட வந்திருக்கேன்" என்றாள் ஹெர்லிந்தா.

"யாரு சொல்லி வந்தீங்க?"

"விரல் போயிருக்குல்ல, வேற யாரு சொல்லணும்?"

நெரெய்தா குனிந்து பார்த்தாள். வலது கைச் சுண்டுவிரல் மூளியாக இருந்தது. சிலுவை போட்டுக்கொண்டு, இடுப்பிலிருந்து சாவியை எடுத்தாள். "நல்லவேளை வந்தீங்க. பாக்குறவங்கல்லாம் கேட்டுக்கிட்டே இருக்காங்க. மேல சொன்னா, அத யாரு பாக்கப் போறான்னு சொல்லிட்டாங்க."

ஹெர்லிந்தா பாலனை மடியில் வைத்துக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்தாள். விரலைத் தொடவில்லை. கத்தரிக்கோலை எடுத்து நீலச் சட்டையின் முதுகுத் தையலைப் பிரித்தாள். உள்ளே பச்சைச் சட்டை இருந்தது. அவள் உடம்போடு தைத்த அதே சட்டை. கழற்றத் தெரியாமல், கழற்ற வேண்டும் என்று கவலையும் இல்லாமல், அதன் மேலேயே நீலத்தைத் திணித்துத் தைத்திருக்கிறார்கள். அதனால்தான் பிள்ளை ஊதிப்போய்த் தெரிந்தது. அத்தனை நாள் உள்ளே பச்சையோடுதான் இருந்திருக்கிறார். ஹெர்லிந்தா அவர் வயிற்றில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதாள். கோபத்தில் அழுதாள்.

நெரெய்தா பயந்துபோய்ப் பக்கத்தில் உட்கார்ந்தாள். "நீங்க... சான் ஹசிந்தோவா?"

"ஆமா."

"நீங்களே குடுத்தீங்கன்னு சொன்னாங்களே."

"இப்படித்தான் சொன்னாங்களா?"

"எங்க ஊருக்கு டீம் வர்றதே இதுதான் முதல் தடவ, செனோரா. எங்கப்பா காலமெல்லாம் டிவியில அடுத்த ஊரு ஆட்டத்தைப் பாத்தே செத்துப் போனாரு. எங்களுக்கும் ஆசை இருக்காதா?"

"உங்களுக்குக் கிடைச்சதுல எனக்கு வயித்தெரிச்சல் இல்லம்மா. ஆசைப்படு, கத்து, கொடி புடி. ஆனா இது யாரு வீட்லேருந்து வந்ததுன்னு உங்கள்ல ஒருத்தராவது கேட்டீங்களா? நாளைக்கு இன்னொருத்தன் கூடக் காசு குடுத்தா உன் வீட்லேருந்தும் தூக்கிட்டுப் போவான். அன்னைக்கு அந்தப் பொம்பள உனக்கும் நன்றி சொல்லுவா. நல்லா சிரிச்சுக்கிட்டே சொல்லுவா."

நெரெய்தா கையிலிருந்த சாவியைப் பார்த்தாள்.

அப்போது உள்ளே மைதானம் அலறியது. ரொசென்தோ, ரொசென்தோ என்று ஆயிரக்கணக்கான பேர் கத்தினார்கள். பையன் எதையோ பாய்ந்து பிடித்திருக்கிறான். ஹெர்லிந்தாவின் இரண்டு கையும் தானாகத் தட்டுவதற்கு உயர்ந்துவிட்டன. அவளுக்கு அது தெரிந்த கணம், சே என்று கையை இழுத்துக் கோட்டுப் பைக்குள் திணித்துக்கொண்டாள். தம்பியைத் திட்டினோமே என்று நினைத்துக்கொண்டாள்.

நீலச் சட்டையை நாலாக மடித்துக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்தாள். அதில் அவளுக்கு ஒரு நூல்கூட வேண்டாம். பாலனைத் துண்டில் சுற்றிப் பைக்குள் வைத்தாள்.

"எங்க கொண்டு போறீங்க?" என்றாள் நெரெய்தா மெதுவாக.

"ஆஸ்பத்திரிக்கு. விரல் இங்க ஒட்டாது."

நெரெய்தா காலியான பெட்டியைப் பார்த்தாள், கதவைப் பார்த்தாள். எழுந்து போய்க் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டாள். "வெயில் அதிகமா இருக்கு, பாத்துப் போங்க" என்றாள். நல்ல பெண். அவளை வேலையை விட்டுத் தூக்கிவிட்டார்கள் என்று பிற்பாடு ரொசென்தோ சொன்னான். அதையும் அவர்கள் கணக்கிலேயே எழுத வேண்டியதுதான்.

ஊருக்கு வந்த மறுநாள் ஹெர்லிந்தா கடையில் விரலை ஒட்டிக்கொண்டிருந்தாள். செய்தி கேட்டுச் சந்தையில் பாதிப் பேர் கடையை மொய்த்துவிட்டார்கள். யாரும் ஆரவாரம் செய்யவில்லை. பெண்கள் ஒவ்வொருவராக வந்து அந்தப் பச்சைச் சட்டையைத் தொட்டு முத்தம் கொடுத்துவிட்டுப் போனார்கள். டீம் வரவில்லை, வரப்போவதும் இல்லை என்று எல்லோருக்கும் தெரியும். அப்போது போன் அடித்தது. லிசெத். ஹெர்லிந்தா எல்லோருக்கும் கேட்கும்படி போனைப் பசைக் கிண்ணத்துக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"கேமராவுல எல்லாம் பதிவாயிருக்கு, செனோரா. அது கம்பெனியோட சொத்து. நீங்க செஞ்சது திருட்டு."

"ஆமா, திருட்டுதான். நான் இல்லேன்னு சொல்லலையே."

"அப்போ போலீசுக்குப் போகலாமா?"

"போகாதீங்கம்மா, அசிங்கம். எங்க ஊர்ல பாலனைப் பறிகுடுத்தவங்க யாரும் போலீசுக்குப் போகமாட்டாங்க. நாங்க போனோமா? முறைன்னு ஒண்ணு இருக்கு, சொல்றேன் கேட்டுக்குங்க. மெழுகுதிரித் திருநாளுக்குப் பாலனை நானே கொண்டாந்து தரேன். புதுத்துணி, தமாலே, கஞ்சி, பேண்டு வாத்தியம் எல்லாம் என்னோடது. நீங்க செய்ய வேண்டியது ஒண்ணே ஒண்ணுதான். வாசலைக் கழுவிவிட்டு, ரெண்டு கதவையும் தொறந்து வச்சு, நாங்க வர்ற வரைக்கும் ரோட்டைப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கணும்."

"மெழுகுதிரித் திருநாளா? அது இப்பத்தான முடிஞ்சது. எந்த வருஷம் வருவீங்க?"

ஹெர்லிந்தா ஒட்டிய விரலை ஊதிக் காயவைத்தாள்.

"நாங்க கதவைத் தொறந்து வச்சு உக்காந்திருந்தப்போ, நீங்க எங்களுக்கு அதைச் சொன்னீங்களா?" என்று கேட்டுவிட்டு, பசை படாத விரலால் போனை அணைத்தாள்.